ஒற்றைச் செல் பச்சைப்பாசிகளில் பாலினத்தை நிர்ணயிக்கும் மரபணுக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலினம் என்றவுடன் விலங்குகளும் பூக்களும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், ஒரு மரபணு எப்படி ஒரு உயிரணுவை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரித்துவிடுகிறது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், குளத்திலும் ஈரமண்ணிலும் வாழும் ஒற்றைச் செல் பச்சைப்பாசிகளைவிடப் பொருத்தமான உயிர்கள் மிகக் குறைவு. கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை கிளமிடோமோனாஸ் ரெயின்ஹார்ட்டி என்ற சிற்றினத்தைப் பற்றியவை. இத்துறையில் மிக விரிவாக ஆராயப்பட்ட உயிரி அதுவே.

ஒரே ஒரு செல்லால் ஆன உயிருக்குப் பாலினம் என்று ஒன்று இருக்க முடியுமா?

இருக்க முடியும். கிளமிடோமோனாஸ் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள முட்டை வடிவச் செல். முன்முனையில் இரண்டு கசையிழைகளும், உள்ளே கிண்ணம் போன்ற ஒரே ஒரு பசுங்கணிகமும், ஒளியை உணரும் செம்புள்ளி ஒன்றும் அதற்கு உண்டு. சாதாரண நாள்களில் அது மறைமுகப் பிரிவின் மூலம் இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருகிக்கொண்டே போகும். அதற்குத் துணை எதுவும் வேண்டியதில்லை. ஆனால் சூழல் மாறும்போது இரண்டு செல்கள் ஒன்றுகூடி ஒரே செல்லாகின்றன. அப்போது எந்தச் செல்லும் எந்தச் செல்லோடும் கூடிவிடுவதில்லை. இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒரு வகையைச் சேர்ந்த செல் மற்ற வகையைச் சேர்ந்த செல்லோடு மட்டுமே இணைகிறது. இந்த வகையை இணைவகை என்கிறோம். ஒன்று பிளஸ், மற்றது மைனஸ்.

அவற்றை ஆண், பெண் என்று ஏன் அழைப்பதில்லை?

ஆண், பெண் என்ற சொற்களுக்கு உயிரியலில் திட்டமான பொருள் உண்டு. சிறிய, நகரும் கேமீட்டை, அதாவது இணையும் இனச்செல்லை, உண்டாக்குவது ஆண். பெரிய, உணவு சேமித்த கேமீட்டை உண்டாக்குவது பெண். கிளமிடோமோனாஸ் ரெயின்ஹார்ட்டியில் இரண்டு கேமீட்டுகளும் ஒரே அளவு, ஒரே உருவம், இரண்டுமே நீந்துகின்றன. நுண்ணோக்கியில் பார்த்து எது பிளஸ், எது மைனஸ் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே அங்கே ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பாடநூல்களில் சில இடங்களில் பிளஸ் வகையைப் பெண் என்றும் மைனஸ் வகையை ஆண் என்றும் எழுதிவிடுகிறார்கள். பரிணாம வரலாற்றை வைத்துப் பார்த்தால் அந்த ஒப்புமைக்கு ஓரளவு அடிப்படை உண்டு என்பதைக் கடைசிக்கு முந்தைய விடையில் காணலாம். ஆனாலும் இந்தச் சிற்றினத்தைப் பேசும்போது அந்தச் சொற்களைத் தவிர்ப்பதே சரி. பெயர் தவறினால் கேள்வியும் தவறிவிடுகிறது.

இரண்டு செல்கள் எப்போது, எப்படி இணைகின்றன?

நைட்ரஜன் கிடைக்காமல் போவதே முதன்மையான தூண்டல். வளர்ப்புக் கரைசலிலிருந்து அம்மோனியம் உப்பை நீக்கி, செல்களை வெளிச்சத்தில் வைத்தால், சில மணி நேரத்தில் அவை கேமீட்டுகளாக மாறிவிடும். நீல ஒளியும் இந்த மாற்றம் முழுமை பெறத் துணைசெய்கிறது.

பிளஸ் கேமீட்டுகள் உள்ள கரைசலையும் மைனஸ் கேமீட்டுகள் உள்ள கரைசலையும் ஒன்றாகக் கலந்து, ஒரு சொட்டை எடுத்து உடனே நுண்ணோக்கியில் வைத்தால் நடப்பது அத்தனையும் கண்முன்னே தெரியும். தனித்தனியே நீந்திக்கொண்டிருந்த செல்கள் ஓரிரு நிமிடங்களில் கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடுகின்றன. ஒரு கொத்தின் நடுவே கசையிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பின்னிக்கொண்டு துடிக்க, செல்கள் அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நடுங்குகின்றன. ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் கசையிழைகளின் மேல் உள்ள அக்ளுட்டினின் என்ற நீளமான புரதங்கள். பிளஸ் அக்ளுட்டினினும் மைனஸ் அக்ளுட்டினினும் வெவ்வேறானவை. ஒன்று மற்றதை மட்டும் பற்றிக்கொள்ளும். பற்றிய மாத்திரத்தில் செல்லுக்குள் சுழற்சி ஏஎம்பி என்ற சமிக்ஞைப் பொருளின் அளவு பல மடங்கு உயர்கிறது. அதன் விளைவாகச் செல்சுவரைக் கரைக்கும் நொதி வெளியேறுகிறது, இரண்டு செல்களும் சுவரைக் கழற்றிவிடுகின்றன. பிளஸ் செல்லின் முன்முனையிலிருந்து ஆக்டின் இழைகள் நிரம்பிய மெல்லிய குழல் ஒன்று நீண்டு, மைனஸ் செல்லைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் சவ்வுகள் ஒன்றாகின்றன. கொத்துகள் மெல்லக் கலைந்தபின் சொட்டு முழுவதும் நான்கு கசையிழைகள் கொண்ட செல்கள் நீந்திக்கொண்டிருக்கும். சில மணி நேரம் அப்படி நீந்திவிட்டுக் கசையிழைகளை உள்ளிழுத்துக்கொண்டு, தடித்த சுவருள்ள கருமுட்டையாக அவை உறங்கப் போகின்றன.

ஒரு செல் பிளஸ் ஆவதா மைனஸ் ஆவதா என்பதை முடிவு செய்வது எது?

ஒரே ஒரு மரபணு. அதன் பெயர் மிட். ‘மைனஸ் ஓங்குதன்மை’ என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடரிலிருந்து வந்த பெயர் அது. மைனஸ் செல்களின் ஆறாவது குரோமோசோமில், இணைவகை மரபிடம் என்று அழைக்கப்படும் பகுதிக்குள் அது இருக்கிறது. பிளஸ் செல்களில் அது இல்லவே இல்லை.

இதைக் கண்டறிந்த வழியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தத் துறையின் மிக அழகான தர்க்கம் அதில்தான் இருக்கிறது. கிளமிடோமோனாஸ் செல்கள் இயல்பாகவே ஒருமடியம், அதாவது ஒவ்வொரு குரோமோசோமும் ஒரு பிரதிதான். அரிதாகச் சில கருமுட்டைகள், குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவுக்குப் போகாமல், இருமடியச் செல்களாகவே பெருகத் தொடங்கிவிடும். அத்தகைய செல்லில் பிளஸ் மரபிடமும் மைனஸ் மரபிடமும் சேர்ந்தே இருக்கும். 1967-இல் எபர்சோல்ட் என்ற ஆய்வாளர் இப்படிப்பட்ட இருமடியச் செல்களைத் தனியே பிரித்து வளர்த்துப் பார்த்தபோது, அவை மைனஸ் செல்களாகவே நடந்துகொண்டன. மைனஸ் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்று பிளஸ் தன்மையை அடக்கிவிடுகிறது என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

மறுபக்கத்தில், இம்ப்-11 என்ற திடீர்மாற்றம் பெற்ற செல்வகை இருந்தது. அதன் மரபிடம் மைனஸ். ஆனால் அது பிளஸ் கேமீட்டைப் போலப் பிற மைனஸ் செல்களோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டதே தவிர, இணைந்து ஒன்றாக முடியவில்லை. 1997-இல் பாட்ரிக் பெரிஸும் உர்சுலா குடினஃபும் மிட் மரபணுவைப் பிரித்தெடுத்து வெளியிட்டபோது இரண்டு புதிர்களும் ஒரே நேரத்தில் விடுபட்டன. இம்ப்-11 வகையில் மிட் மரபணுவின் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மிட் வேலை செய்யாததால் அந்தச் செல் பிளஸ் பாதையில் போய்விட்டது. எதிர்த்திசையில், பிளஸ் செல்லுக்குள் மிட் மரபணுவைச் செலுத்தினால் அது மைனஸ் செல்லாக நடந்துகொள்கிறது. பச்சை உயிரிகளில் முழுமையாக இனங்காணப்பட்ட முதல் பாலின நிர்ணய மரபணு இதுதான்.

ஆகவே பிளஸ் என்பது தானாக அமையும் நிலை. மிட் இருந்தால் மைனஸ், இல்லாவிட்டால் பிளஸ். மிட் உண்டாக்கும் புரதம் டிஎன்ஏ மீது அமர்ந்து பிற மரபணுக்களை இயக்கும் படியெடுத்தல் காரணி. அது மைனஸ் மரபணுக்களை இயக்கி, பிளஸ் மரபணுக்களை நிறுத்திவிடுகிறது. அது ஆர்டபிள்யூபி-ஆர்கே என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் பிற உறுப்பினர்கள் பலவற்றுக்குத் தாவரங்களிலும் பாசிகளிலும் நைட்ரஜனோடு தொடர்புள்ள வேலைதான். கிளமிடோமோனாஸிலேயே நைட்ரேட்டைப் பயன்படுத்தும் மரபணுக்களை இயக்குகிற நிட்-2 இதே குடும்பம். நைட்ரஜன் தீர்ந்துபோகும்போதுதான் கேமீட்டுகள் உருவாகின்றன என்பதோடு சேர்த்து இதைப் பார்க்கும்போது, நைட்ரஜனைக் கண்காணித்துவந்த பழைய கருவி ஒன்று பாலினத்தின் வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கலாம் என்ற எண்ணம் எழாமல் இராது. அது ஊகம்தான், ஆயினும் காரணமுள்ள ஊகம்.

மிட் இல்லாவிட்டால் பிளஸ் என்றால், இம்ப்-11 செல்லால் ஏன் முழுமையாக இணைய முடியவில்லை?

இந்தக் கேள்வியை எழுப்புகிறவர் விஷயத்தின் நடுவே வந்துவிட்டார். பாலினத்தைத் தீர்மானிப்பது வேறு, பாலின வேலையைச் செய்வது வேறு. பிளஸ் செல்லின் இணைப்புக் குழலின் மேல் ஃபஸ்-1 என்ற புரதம் இருந்தால்தான் அது மைனஸ் செல்லோடு இணைய முடியும். அந்த ஃபஸ்-1 மரபணு பிளஸ் மரபிடத்தில் மட்டுமே இருக்கிறது. இம்ப்-11 செல்லின் மரபிடம் மைனஸ் ஆதலால் அதனிடம் ஃபஸ்-1 இல்லை. பிளஸ் ஆகத் தீர்மானித்துவிட்டாலும் அந்த வேலைக்கு வேண்டிய ஒரு கருவி கையில் இல்லை.

ஆனால் எல்லாக் கருவிகளும் இப்படி இணைவகை மரபிடத்துக்குள் பூட்டப்பட்டவை அல்ல. பிளஸ் அக்ளுட்டினினை உண்டாக்கும் எஸ்ஏஜி-1 மரபணு வேறொரு குரோமோசோமில் இருக்கிறது. ஆகவே மைனஸ் செல்லிடமும் அது உண்டு, வெளிப்படுவதுதான் இல்லை. மைனஸ் செல் இணைவதற்கு இன்றியமையாத ஹாப்-2 மரபணுவும் அப்படியே இரண்டு வகைகளிலும் உண்டு, மைனஸ் கேமீட்டில் மட்டுமே வெளிப்படுகிறது. ஹாப்-2 பாசிகளோடு நிற்பதில்லை. பூக்கும் தாவரங்களின் விந்துச் செல்லிலும் மலேரியா ஒட்டுண்ணியின் ஆண் கேமீட்டிலும் இணைவை நடத்துவது அதே புரதம்தான். அதன் முப்பரிமாண வடிவம் டெங்கு போன்ற சில வைரஸ்கள் நம் செல்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் இணைவுப் புரதங்களின் வடிவத்தை ஒத்திருப்பது 2017-இல் தெரியவந்தது.

இது மனிதரின் எக்ஸ், ஒய் குரோமோசோம்களைப் போன்றதுதானா?

இல்லை. மனிதரில் பாலினம் கருவுற்ற இருமடியச் செல்லில் முடிவாகிறது. பாசியில் அது ஒருமடியச் செல்லில் முடிவாகிறது. கருமுட்டைக்குப் பாலினமே கிடையாது. அது எப்போதும் ஒரு பிளஸ் மரபிடமும் ஒரு மைனஸ் மரபிடமும் கொண்டது. அது முளைக்கும்போது குன்றல் பிரிவு நடந்து நான்கு செல்கள் வெளிவருகின்றன. அவற்றுள் இரண்டு பிளஸ், இரண்டு மைனஸ். ஆய்வகத்தில் இதை நேரில் காணலாம். அகார் தட்டில் கருமுட்டைகளைச் சில நாள் இருளில் வைத்து முதிரவிட்டு, இணையாமல் எஞ்சிய செல்களைக் குளோரோஃபார்ம் ஆவியில் சில விநாடிகள் காட்டிக் கொன்றுவிடுவார்கள். தடித்த சுவர் காப்பதால் கருமுட்டைகள் பிழைத்துக்கொள்ளும். பிறகு வெளிச்சத்தில் முளைத்த நான்கு செல்களையும் நுண்ணிய கண்ணாடி ஊசியால் ஒவ்வொன்றாக விலக்கி வரிசையாக வைத்தால், நான்கு பச்சைப் புள்ளிகளாக அவை வளரும். அவற்றைத் தெரிந்த பிளஸ், மைனஸ் செல்களோடு கலந்து சோதித்தால், ஒவ்வொரு நான்கிலும் இரண்டுக்கு இரண்டு என்ற கணக்கு வரும். மெண்டலின் விதி இத்தனை நேரடியாகக் கண்ணுக்குத் தெரியும் இடங்கள் அதிகம் இல்லை.

ஒருமடிய நிலையில் பாலினம் முடிவாகும் உயிர்களில் உள்ள பாலினக் குரோமோசோம்களை யு, வி என்று அழைப்பது வழக்கம். மாஸ் வகைத் தாவரங்களிலும் பழுப்புப் பாசிகளிலும் அப்படிப்பட்டவை உண்டு. கிளமிடோமோனாஸில் ஒரு முழுக் குரோமோசோமும் அப்படி வேறுபடவில்லை. மொத்தம் 17 குரோமோசோம்களுள் ஒன்றின் ஒரு பகுதிதான் வேறுபட்டிருக்கிறது.

அந்தப் பகுதியில் மரபணு மறுசேர்க்கை ஏன் நடப்பதில்லை?

பிளஸ், மைனஸ் மரபிடங்களின் நடுப்பகுதியில் டிஎன்ஏ துண்டுகள் தலைகீழாகத் திரும்பியும் இடம் மாறியும் கிடக்கின்றன. சில லட்சம் கார இணைகள் (டிஎன்ஏ எழுத்துகள்) நீளமுள்ள அந்தப் பகுதி, எதிர்ப்பக்கத்துப் பகுதியோடு வரிசை பொருந்தாததால் குறுக்கேற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, அடங்கிவிடுகிறது. அது நல்லதற்கே. குறுக்கேற்றம் தாராளமாக நடந்தால் மிட்டும் ஃபஸ்-1-உம் ஒரே செல்லுக்குப் போய்ச் சேரவோ, இரண்டுமே இல்லாத செல் உருவாகவோ கூடும். இரண்டுமே இல்லாத செல், முன்சொன்ன இம்ப்-11 போல, ஒட்டிக்கொண்டும் இணைய முடியாமல் போகும்.

பாலினத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத அன்றாட வேலைக்கான பல மரபணுக்களும் இந்தப் பூட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டிருக்கின்றன. அவை இரண்டு பக்கத்திலும் உண்டு. இப்படிப் பூட்டப்பட்ட மரபணுக்கள் காலப்போக்கில் சிதைந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. ஒருமடியச் செல்லில் பழுதை மறைக்க இரண்டாம் பிரதி இல்லாததால், பழுதுபட்ட மரபணுவைச் சுமக்கும் செல் விரைவில் தோற்றுப்போகிறது. அதனால் சிதைவு மட்டுப்படுகிறது. இரண்டு பக்கங்களுக்கும் இடையே சிறு துண்டுகளின் பரிமாற்றம் அவ்வப்போது நடந்திருக்கிறது என்பதும் 2013-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. ஆகவே பூட்டு இறுக்கமானது, ஆனால் முற்றிலும் அடைபட்டதல்ல.

இணைந்தபின், தான் இனிக் கேமீட் அல்ல என்பதைச் செல் எப்படி உணர்கிறது?

பிளஸ் கேமீட் ஜிஎஸ்பி-1 என்ற புரதத்தையும், மைனஸ் கேமீட் ஜிஎஸ்எம்-1 என்ற புரதத்தையும் தயாராக வைத்திருக்கின்றன. தனித்தனியே இருக்கும்வரை இரண்டும் சைட்டோபிளாசத்தில் சும்மா இருக்கின்றன. செல்கள் இணைந்ததும் இவை ஜோடி சேர்ந்து உட்கருவுக்குள் சென்று, கருமுட்டைக்குரிய மரபணுக்களை இயக்குகின்றன. 2008-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பில் குறிப்பிடத்தக்கது, இவ்விரு புரதங்களும் நிலத்தாவரங்களின் உடலமைப்பை வழிநடத்தும் பெல், நாக்ஸ் குடும்பங்களின் உறவினர் என்பதாகும்.

பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் யாரிடமிருந்து வருகின்றன?

உட்கருவின் மரபணுக்கள் இருவரிடமிருந்தும் சமமாக வருகின்றன. பசுங்கணிக டிஎன்ஏ பிளஸ் பெற்றோரிடமிருந்தும், மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ மைனஸ் பெற்றோரிடமிருந்தும் மட்டுமே வருகின்றன. ரூத் சேகர் என்ற மரபியலாளர் 1954-இல், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தாங்கும் தன்மை மெண்டலின் கணக்குக்கு அடங்காமல், பிளஸ் பெற்றோரிடமிருந்து நான்கு சந்ததிகளுக்கும் சென்று சேர்வதைக் காட்டினார். உட்கருவுக்கு வெளியேயும் மரபணுக்கள் இருக்கின்றன என்ற கருத்துக்கு அது வலுவான சான்றுகளுள் ஒன்றாயிற்று. இணைந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் மைனஸ் பசுங்கணிகத்தின் டிஎன்ஏ அழிக்கப்பட்டுவிடுகிறது. அளவிலும் உருவத்திலும் சமமான இரு கேமீட்டுகளுக்கு இடையே இப்படியொரு சமமின்மை ஒளிந்திருப்பது, ‘ஒத்த கேமீட்’ என்ற சொல்லை முழுதாக நம்பிவிடக் கூடாது என்பதைக் காட்டுகிறது.

சில வேதிப்பொருள்கள் பாசியின் பாலினத்தை நிர்ணயிக்கின்றன என்று பழைய நூல்களில் உள்ளதே?

1930-களிலும் 1940-களிலும் ஃபிரான்ஸ் மோவஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், குங்குமப்பூ நிறமியைச் சார்ந்த பொருள்கள் வேறொரு கிளமிடோமோனாஸ் சிற்றினத்தின் பாலினத்தை நிர்ணயிப்பதாகத் தொடர்ந்து எழுதினார். அவருடைய எண்ணிக்கைகள் நம்ப முடியாத அளவுக்குக் கச்சிதமாக இருப்பதை மரபியலாளர்களான ஹால்டேனும் உர்சுலா ஃபிலிப்பும் 1939-லேயே சுட்டிக்காட்டினார்கள். 1950-களில் பிறர் அச்சோதனைகளைத் திரும்பச் செய்தபோது முடிவுகள் கிடைக்கவில்லை. அந்தக் கருத்து கைவிடப்பட்டது. அதை இன்னும் மேற்கோள் காட்டும் நூல்களை இந்த விஷயத்தில் நம்ப வேண்டாம்.

ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம் தனக்குள்ளேயே இணைய முடியுமா?

கிளமிடோமோனாஸ் ரெயின்ஹார்ட்டியில் முடியாது; ஒரு செல்லின் வழிவந்த அனைத்தும் ஒரே இணைவகை. ஆனால் கிளமிடோமோனாஸ் மோனோய்க்கா போன்ற சிற்றினங்களில் ஒரே கூட்டத்துக்குள்ளேயே இணைவு நடக்கிறது.

பல செல் கொண்ட வால்வாக்ஸின் ஆண், பெண் இங்கிருந்துதான் வந்தனவா?

சான்றுகள் அதையே காட்டுகின்றன. கிளமிடோமோனாஸின் நெருங்கிய உறவினமான வால்வாக்ஸ் கார்ட்டெரியில் ஏறத்தாழ 2000 உடற்செல்கள் கொண்ட பச்சைக் கோளங்கள் உண்டு. அவற்றில் ஆணும் பெண்ணும் தெளிவாக வேறுபடுகின்றன. 2006-இல் நொசாகியின் குழுவினர், ப்ளியோடொரினா என்ற இடைப்பட்ட பாசியின் ஆணில் மட்டும் மிட் மரபணு இருப்பதைக் கண்டார்கள். வால்வாக்ஸிலும் மிட் ஆணிடமே இருக்கிறது. 2014-இல் பெண் வால்வாக்ஸில் மிட்டை இயங்கச் செய்தபோது அதன் இனப்பெருக்கச் செல்கள் விந்துக் கற்றைகளை உண்டாக்கின; ஆணில் மிட்டை அடக்கியபோது முட்டைகள் உருவாயின. மைனஸ் வகையை ஆணுக்கு ஒப்பிடுவதன் அடிப்படை இதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. வால்வாக்ஸின் இணைவகை மரபிடம் கிளமிடோமோனாஸினுடையதைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரியது என்று 2010-இல் தெரிந்தவுடன், ஆண்–பெண் வேறுபாடு தோன்றியதற்கு அந்த விரிவே காரணம் என்று பலரும் எண்ணினார்கள். ஆனால் 2018-இல், சிறிய, பெரிய கேமீட்டுகளை உண்டாக்கும், வால்வாக்ஸின் உறவினமான யூடொரினாவின் ஆண் மரபிடம் சுமார் 7000 கார இணைகளே கொண்டது என்று தெரியவந்தது. ஒத்த கேமீட்டுகள் கொண்ட அதன் உறவினமான யமகிஷியெல்லாவில் அதே பகுதி 2.68 லட்சம் கார இணைகள். ஆகவே மரபிடம் பெரிதானதால்தான் ஆணும் பெண்ணும் பிரிந்தன என்று சொல்வதற்கில்லை.

மற்ற ஒற்றைச் செல் பச்சைப்பாசிகளிலும் இதே மரபணுதான் முடிவு செய்கிறதா?

சிலவற்றில் அதன் உறவினர்கள் இருக்கின்றன. கடலில் மிதக்கும் ஆஸ்ட்ரியோகாக்கஸ் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள மிகச்சிறு பாசி. அதன் இணைவை எவரும் எளிதில் பார்த்துவிட முடியாது. ஆயினும் அதன் இரண்டாவது குரோமோசோமில் இணைவகை மரபிடத்துக்குரிய அடையாளங்களோடு இரண்டு மாறுபட்ட வடிவங்கள் காணப்படுகின்றன, ஒன்றில் ஆர்டபிள்யூபி-ஆர்கே குடும்ப மரபணு ஒன்றும் உண்டு. நிலத்தாவரங்களுக்கு நெருக்கமான கிளையைச் சேர்ந்த பிறை வடிவ ஒற்றைச் செல் பாசியான குளோஸ்டீரியத்தில் கசையிழைகளே கிடையா. இணைசெல்கள் அருகருகே வந்து, சுவரை விட்டு உள்ளுடலை வெளியே விடுவித்து ஒன்றாகின்றன. அங்கேயும் மைனஸ் செல்களில் மட்டும் இருக்கிற ஒரு மரபணுதான் இணைவகையை முடிவு செய்கிறது என்று செகிமோட்டோவின் குழு 2023-இல் காட்டியது. அதுவும் ஆர்டபிள்யூபி-ஆர்கே குடும்பமே, ஆனால் மிட்டிலிருந்து வெகுவாக விலகிய வேறொரு கிளை. இரண்டு பாசி மரபுகள் பிரிந்து எத்தனையோ கோடி ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரே குடும்பத்திலிருந்து தனித்தனியே ஒரு மரபணுவை இந்த வேலைக்கு எடுத்துக்கொண்டனவா, அல்லது ஒரு பழம்பொதுவான ஏற்பாடு இரு கிளைகளிலும் உருமாறி நீடிக்கிறதா என்பதே இப்போது இத்துறையினர் வாதிடும் கேள்வி.